கழிவிலிருந்து காகிதப் பை: நல்லதுதான், ஆனால்...

பேரங்காடியில் 20 சென் கொடுத்து நெகிழிப் பை வாங்கும்போது நம்மில் பலருக்கு மனம் உறுத்துகிறது. அதே இடத்தில் பழுப்புநிறக் காகிதப் பையைக் கொடுத்தால் உறுத்தல் போய்விடுகிறது. அதிலும் ‘விவசாயக் கழிவிலிருந்து செய்யப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால் பெருமையோடு தூக்கிக்கொண்டு வருகிறோம். அந்தப் பெருமைக்கு அந்தப் பை தகுதியானதுதானா?

நம் நாட்டில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் செம்பனை ஆலையருகே மலைபோல் குவிந்து கிடக்கும் வெற்றுக் குலைகளைப் பார்த்திருப்பார்கள். ஆலைக்குள் போகும் 100 கிலோ பழக்குலையில் எண்ணெயாகக் கிடைப்பது சுமார் 20 கிலோதான். பழம் உதிர்ந்தபின் மிஞ்சும் ஈரக் குலையும் ஏறக்குறைய அதே எடை இருக்கும். கெடாவின் வைக்கோலிலும் ஜொகூரின் அன்னாசி இலையிலும்கூடக் காகிதத்துக்கேற்ற நார் உண்டு.

தாவர நாரில் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற பொருள் பசைபோலப் பிணைத்து வைத்திருக்கிறது. காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைத்தால் லிக்னின் கரைந்து, இழைகள் பிரிந்து கூழாகின்றன. கூழை அலசிச் சல்லடையில் பரப்பி, அழுத்தி உலர்த்தினால் தாள் தயார். ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பையைப் பாராட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, வேகவைத்த நீர் எங்கே போகிறது? லிக்னினும் சோடாவும் கலந்த அந்தக் கரிய நீரைப் பெரிய ஆலைகள் வற்றவைத்து எரித்து, சோடாவை மீட்டுக்கொள்கின்றன. சிறு ஆலைகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாவதில்லை. வைக்கோலாக இருந்தால் அதிலுள்ள சிலிக்கா மீட்புக் கருவிகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அந்த நீரை ஆற்றில் விட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் மடியும்.

இரண்டாவது, பையின் உட்புறம் என்ன பூசியிருக்கிறது? நாசி லெமாக் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளைக் கிழித்துப் பாருங்கள். உட்புறம் மெல்லிய நெகிழிப் படலம் உரிந்து வரும். தாள் மக்கும், படலம் மக்காது. பைக்கும் அதே பூச்சு இருந்தால் கழிவு நாரில் செய்ததால் என்ன பயன்?

மூன்றாவது, அது உண்மையிலேயே கழிவுதானா? வெற்றுக் குலையில் பொட்டாசியம் நிறைய உண்டு. முன்பு அதை எரித்துச் சாம்பலை உரமாக இட்டார்கள். இப்போது பல தோட்டங்களில் மரத்தடியில் பரப்பி மட்கவிடுகிறார்கள். முழுவதையும் பைக்கு எடுத்தால், மண் இழந்ததை இரசாயன உரம் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே, தோட்டத்தின் தேவை போக மிஞ்சுவதையே எடுக்க வேண்டும்.

இம்மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் தயாரிப்பாளர்களுக்கு மட்டுமே அரசு ஆதரவு கிடைக்க வேண்டும். செம்பனை ஆலைகள் பழ நாரையும் ஓட்டையும் எரித்துத் தங்களுக்கான நீராவியையும் மின்சாரத்தையும் தயாரிக்கின்றன. கூழ் ஆலையை அதே வளாகத்தில் அமைத்தால் எரிபொருளும் லாரிச் செலவும் மிச்சமாகும்.

நம் பங்கும் இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படும் மெல்லிய நெகிழிப் பையைவிடப் புவி வெப்பமயமாதலுக்குக் குறைவான காரணமாக இருக்க, காகிதப் பையை 3 முறையாவது பயன்படுத்த வேண்டும். ஒரே நாளில் குப்பையில் போட்டால் அது நிலநிரப்பில் காற்றின்றி மட்கி மீத்தேன் வாயுவை வெளியிடும்.

ஆகவே, காகிதப் பை கிடைத்தால் மடித்து வையுங்கள். மறுவாரம் அதையே எடுத்துச் செல்லுங்கள். கிழிந்தபின் துண்டு துண்டாக்கிப் பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள். மண்ணிலிருந்து வந்த நார் மண்ணுக்கே திரும்பினால்தான் அது மக்கும் பை என்ற பெயருக்குப் பொருத்தமாகும்.