அழகுக்கலையும் படிப்புதான்!



"பியூட்டிஷியன் கோர்ஸ் படிக்கப் போறேன்" என்று சொன்னால் நம்ம தொண்டாமுத்தூர்ப் பக்கம், "அதெல்லாம் ஒரு படிப்பா கண்ணு?" என்று கேட்கிறாங்க. படிப்புதானுங்க, அதுவும் கஷ்டமான படிப்பு என்பதே என் கருத்து.

எங்க வீதி அக்கா ஒருத்தர் இதற்காகத் தினமும் காந்திபுரத்துக்கு பஸ் ஏறினார். திரெட்டிங் நூலைப் பல்லில் கடித்து, விரலில் சரியாகப் பிடிக்கவே பல நாள் ஆச்சாம். தன் கால் முடியில்தான் முதலில் பழகினார். ஒருநாள் ஒருவருக்குப் புருவம் கோணலாகி, திட்டு வாங்கி, அழுதுகிட்டே வந்தார். மறுநாளும் பஸ் ஏறினார். இன்று முகூர்த்த நாள் வந்தால், கேலி பேசினவங்களே மணப்பெண் அலங்காரத்துக்கு அவரைத் தேடி வர்றாங்க.

கை பழகின பிறகும் தடை வரலாம். சாரு குரானா என்பவர் அமெரிக்காவில் மேக்கப் கலை படித்தவர். மும்பை சினிமா ஒப்பனைக் கலைஞர் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. மேக்கப் போடுவது ஆண்களின் வேலை, பெண்கள் சிகை அலங்காரம் மட்டும் செய்யலாம் என்பது அங்கே பல வருட வழக்கம். அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தத் தடை செல்லாது என்று 2014 நவம்பர் 10-இல் தீர்ப்பு வந்தது. இந்தியா முழுக்கப் பெண்களுக்குக் கதவு திறந்தது.

ஆகவே தோழிகளே, பழகும்போது தப்பு வரத்தான் செய்யும். பாதியில விட்டுறாதீங்க. பெரியவங்களே, படிக்கிற பிள்ளையைப் பேச்சால் தடுக்காதீங்க. தொழில் கற்ற கை சும்மா இருக்காது!

– 11-ஆம் வகுப்பு மாணவி