மனக்காயத்தின் தொடர்நோய்களையும் ஏற்க வேண்டும்

வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் என்று திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போன எல்லோரும் முழு நலத்தோடு திரும்புவதில்லை. உடம்பில் குண்டு படாவிட்டாலும், எல்லையில் கண்டவை சிலரைத் தூங்கவிடுவதில்லை. தூக்கமின்றிப் பதற்றத்திலேயே கழியும் ஆண்டுகள் ரத்த அழுத்தத்தையும் இதயநோயையும் வளர்க்கின்றன. தூக்கத்துக்காகக் குடிக்கப் பழகியவரின் கல்லீரலும் கெடுகிறது.

இத்தகையவர் ஊன ஓய்வூதியம் கேட்டால், ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல’ என்று மெடிக்கல் போர்டு எழுதும் ஒற்றை வரி கதவை அடைத்துவிடுகிறது. மனநோயையே ஏற்கத் தயங்கும் போர்டு, அதிலிருந்து கிளைத்த உடல்நோயைப் பணியோடு சேர்த்துப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில், பணியில் நேர்ந்த மனக்காயத்தால் பின்னர் வேறு நோய் வந்ததாக மருத்துவச் சான்று காட்டினால், அந்த நோய்க்கும் இழப்பீடு உண்டு.

நம் நீதிமன்றங்கள் வழிகாட்டாமல் இல்லை. சேரும்போது பதிவாகாத நோயால் வீரர் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுப்பதானால் நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 1982 விதிகளை வைத்து 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனச்சிதைவு நோயால் வெளியேற்றப்பட்ட ராஜுமோன் வழக்கில், காரணம் சொல்லாத போர்டு முடிவு செல்லாது என்று 2025இல் கூறியது. ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருக்கிறது.

ஊன ஓய்வூதியம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற அச்சம் அரசுக்கு உண்டு. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வுபெற்ற அதிகாரிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும், மற்றப் படையினரில் 18 விழுக்காட்டினரும் இதைப் பெற்றதாகத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. கவனமாக ஆராய்வது சரியே. ஆனால் விதிமுறை தெரிந்த அதிகாரியைவிட, எடுத்துச் சொல்ல ஆளில்லாத ஜவானின் கோரிக்கைதான் கண்டிப்பின் பேரில் முதலில் அடிபடும்.

எனவே மனக்காயத்தோடு வரும் உடல்நோய்களை மெடிக்கல் போர்டு சேர்த்தே பரிசோதித்து, மறுத்தால் காரணத்தை விளக்கி எழுத வேண்டும். முடிந்துபோன சட்டக் கேள்விகளை மத்திய அரசு மேல்முறையீடு மேல்முறையீடாக இழுக்கக் கூடாது. திண்டுக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்களோடு இணைந்து, மருத்துவச் சான்று திரட்டவும் மனு எழுதவும் துணை நிற்க வேண்டும். ஊன ஓய்வூதியம் கருணைத்தொகை அன்று. சேவையில் கெட்ட உடலுக்கும் மனத்துக்கும் நாடு தீர்க்க வேண்டிய கடன் அது.