பையன் எதைப் பிடித்துக்கொள்கிறான்?

நந்தனத்தில் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறதல்லவா? ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-ல் ஆரம்பித்தது. விடுமுறை நாளில் அந்தப் பக்கம் போகிற வாசகிகள், கிரிக்கெட் ஆடும் பொடியன்களைச் சற்றுக் கவனியுங்கள். மட்டையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவன்கூட, தன் அபிமான ஆட்டக்காரர் மாதிரி சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வதில் மட்டும் அட்சரம் பிசகமாட்டான். ரன் எடுப்பது பிறகு!

ஸினிமாவிலும் இதே கதைதான். கதாநாயகன் பத்துப் பேரை அடித்து வீழ்த்துகிறானே, பையன் கெட்டுப்போவானே என்று நாம் கவலைப்படுகிறோம். எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. பள்ளிக்கூட வாசலில் முதல் குத்து வாங்கியதுமே அந்தப் பிரமை தெளிந்துவிடும். சண்டை இல்லாத நேரத்தில் கதாநாயகன் என்ன செய்கிறான் என்பதைத்தான் பையன் சத்தமில்லாமல் வீட்டுக்குக் கொண்டு வருகிறான்.

எம்.ஜி.ஆருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவருடைய பாத்திரங்கள் புகைப்பதும் குடிப்பதும் வெகு அபூர்வம். 1968-ல் வந்த 'ஒளிவிளக்'கில் குடித்துவிட்டு வந்தபோதுகூட, அவர் மனசாட்சியே எதிரில் நின்று கண்டித்தது. தவிர, அவர் நாயகர்களுக்கு ஒரு தொழில் இருந்தது. 'படகோட்டி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) என்று படத்தின் பெயரே உத்தியோகத்தைச் சொல்லிவிடும். பிற்பாடு வந்த நாயகர்கள் பலருக்கு வயிற்றுப் பிழைப்பு என்னவென்றே தெரியாது; மோட்டார் சைக்கிள் மட்டும் இருக்கும்!

1976-ல் 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்தார். தமிழ்நாட்டில் எத்தனை சாக்குக் கட்டிகள் அப்படிப் பறந்தனவோ! 2002-ல் 'பாபா' வந்தபோது இதைப் பற்றிப் பெரிய ஆட்சேபமே கிளம்பியது.

ஆனால் சிகரெட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. பெண் வேண்டாம் என்கிறாள். நாயகன் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், காலேஜ் வாசலில் நிற்கிறான், பின்னாலேயே பாடுகிறான். இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுப் பையன் இதைப் பத்துப் படங்களில் பார்த்தால் என்ன நினைப்பான்? விடாமல் துரத்தினால் சரியாகிவிடும் என்றுதானே? அதற்கு விலை கொடுப்பவள் அடுத்த வீட்டுப் பெண். அவள் பஸ்ஸை மாற்றிக்கொள்கிறாள். அல்லது, "உனக்குக் காலேஜே வேண்டாம்" என்று அப்பா நிறுத்திவிடுகிறார்.

2019-ல் 'நேர்கொண்ட பார்வை'யில் அஜித்குமார் கறுப்பு அங்கியோடு கோர்ட்டில் நின்று, பெண்ணின் மறுப்பு மறுப்புதான் என்று வாதாடினார். 2016-ல் வந்த ஹிந்திப் படம் 'பிங்க்'கின் தழுவல் அது. ரசிகர்களுக்காக ஒரு சண்டையும் வைத்தார்கள்; இருக்கட்டும்! ஆனால் அது சிறுவர்களுக்கான கதையல்ல. நாயகரும் நரைத்த வக்கீல்.

எனக்கு வேண்டியது இருபத்திரண்டு வயது நாயகன். பெண் வேண்டாம் என்கிறாள். அவனுக்கு முகம் வாடுகிறது, சிநேகிதனிடம் புலம்புகிறான், மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறான். அவளை எதிரில் பார்த்தால் வழிவிடுகிறான். கொட்டகையில் விசில் கிடைக்காதுதான். உங்கள் பக்கத்து ஆசனத்துப் பையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.