பெண் செவிலியர் வேண்டுமாம். ஆனால் நம் வீட்டிலிருந்து வேண்டாமாம்!



நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவி ஒருவர், திருமணத்திற்குப் பின் கணவருடன் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழ்கிறார். வயது 34. இரண்டு பிள்ளைகளின் தாய். ஊரில் பி.காம். முடித்து, அங்கே ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவர். சென்ற மாதம் அழைத்து, "உஸ்தாத், வேறு பட்டம் பெற்றவர்கள் 16 மாதங்களில் முடிக்கும் விரைவுச் செவிலியர் பட்டப்படிப்பு இங்கே இருக்கிறது. சேர ஆசைப்படுகிறேன். மாமி மறுக்கிறார்கள். மார்க்கத்தில் இடமுண்டா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்கள்" என்றார்.

மாமியின் மறுப்பு நாம் ஊர்தோறும் கேட்டுப் பழகியதுதான். இரவுப் பணி, அந்நிய ஆண்களைத் தொட நேரும், நம் குடும்பத்துப் பெண்ணுக்கு அது தகாது. இதே குடும்பங்கள் மருமகளைப் பிரசவத்திற்குச் சேர்க்கும்போது என்ன செய்கின்றன? பெண் மருத்துவர்தான் வேண்டும், பெண் செவிலியர்தான் உள்ளே வர வேண்டும் என்று வரவேற்பு மேசையில் நின்று வாதாடுகின்றன. அது நியாயமான கோரிக்கையே. ஆனால் அந்தச் செவிலியர் எந்த வீட்டிலிருந்து வர வேண்டும்? அடுத்தவர் மகள் இரவெல்லாம் விழித்திருந்து நம் பெண்ணின் மானத்தைக் காக்க வேண்டும், நம் மகள் மட்டும் அப்பணிக்குப் போகலாகாது என்பது பேணுதலன்று, சுயநலம். மருத்துவப் பணி ஃபர்ளு கிஃபாயா என்று ஃபிக்ஹு நூல்களில் நாம் பாடம் நடத்துகிறோம். சமுதாயத்தில் எவருமே செய்யாவிடில் பாவம் அனைவர் மீதும் என்ற அதன் பொருளை மட்டும் வகுப்பறையிலேயே விட்டுவிடுகிறோம்.

ஸஹாபிப் பெண்களின் வரலாறு என்ன சொல்கிறது? அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சிகிச்சை பெற்றார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் நபி (ஸல்) அவர்களுடன் சென்று காயமுற்றோரைக் கவனித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ, ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும் சிகிச்சை அளிக்கலாமா என்றே ஒரு தலைப்பிட்டு, காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த ருபய்யிஉ (ரலி) அவர்களின் அறிவிப்பை அதன்கீழ் வைத்துள்ளார்கள். தேவைக்கு ஏற்ப, வரம்பைப் பேணி என்ற நிபந்தனையை உலமாக்கள் கூறுகிறார்கள். நாமும் அதையே கூறுகிறோம். நிபந்தனை வேறு, தடை வேறு. ஹிஜாபைப் பொறுத்தவரை, பணியாளரின் சமய வழக்கத்திற்கு இயன்றவரை இடமளிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது.

ஆக, மாமிக்கு நம் பதில் தெளிவானது. ஆனால் மாணவியிடம் வேறொன்றும் சொல்ல வேண்டியிருந்தது; அது அவருக்கு இனிக்கவில்லை.

16 மாதங்கள் என்பது விளம்பரத்தின் கணக்கு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்ற பாடங்களை முன்னரே முடித்திருந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். வணிகவியல் படித்தவருக்கு அதற்கே ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிடும். நம் நாட்டின் மூன்றாண்டுப் பட்டத்தை அங்குள்ள நான்காண்டுப் பட்டத்திற்கு ஈடாக எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. அதையும் முதலில் விசாரித்தாக வேண்டும். படிப்பு தொடங்கியபின் விடுமுறை அரிது. வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியுமாக நாள் நிரம்பிவிடுவதால், வேலைக்குப் போக வேண்டாம் என்று கல்லூரிகளே அறிவுறுத்துகின்றன. அப்படியாயின் பணம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு, திருப்பித் தர வேண்டாத பெல் உதவித்தொகை பொதுவாகக் கிடையாது. எஞ்சுவது கடன். அரசுக் கடனோ தனியார் கடனோ, இரண்டிலும் வட்டி உண்டு.

இங்கேதான் சிலர் 'ளரூரத்' என்ற சொல்லைக் கையில் எடுக்கிறார்கள். வேறு வழியே இல்லாதபோது பேச வேண்டிய சொல் அது. அங்கே வேறு வழி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ்களில் இரண்டாண்டுச் செவிலியர் படிப்பு உண்டு. கட்டணம் மிகக் குறைவு. அதை முடித்தவரும் விரைவுப் பட்டம் பெற்றவரும் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே தேர்வை. பெறுவது ஒரே உரிமத்தை. பெரிய மருத்துவமனைகள் சில பட்டதாரிகளையே விரும்புகின்றன என்பது உண்மைதான். ஆயினும் வேலை பார்த்துக்கொண்டே பட்டத்தை முடிக்கலாம். அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும் மருத்துவமனைகளும் உண்டு. சில மாத அவசரத்திற்காகப் பல்லாண்டு வட்டியைச் சுமப்பதை நிர்ப்பந்தம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

கையில் பணம் இருப்பவர் விரைவுப் படிப்பில் தாராளமாகச் சேரட்டும். அப்போதும் அக்கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, அதன் மாணவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெறுகிறார்கள் என்று பார்த்துச் சேரட்டும். மாநிலச் செவிலியர் வாரியங்கள் அக்கணக்கை வெளியிடுகின்றன. எச்-4 விசாவில் இருக்கும் சகோதரிகள் படிக்கலாம். ஆனால் தனி அனுமதி இன்றி வேலை பார்க்க இயலாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. பள்ளிவாசல் தரைக்கு மூன்றாம் முறையாகப் பளிங்கு மாற்ற வசூல் செய்கிறோம். படிக்க விரும்பும் ஒரு பெண்ணுக்குக் கர்ழு ஹஸனாவாகக் கொடுக்க ஏன் ஒரு பெட்டி கூட வைப்பதில்லை? வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குவோர், வட்டியில்லாக் கடனுக்கு வாசல் எங்கே என்றும் காட்ட வேண்டாமா?

நம் மாணவி இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். கம்யூனிட்டி காலேஜில் உடற்கூறியல் பாடத்திற்கு மட்டும் பதிவு செய்திருக்கிறாராம், மாலை வகுப்பு. அந்நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று கேட்டோம். மாமிதானாம்.