அகரத்திலிருந்து சென்னைக்கு விமானம் வேகமா?

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு சுமார் 415 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. கைப்பேசியில் தேடினால் முதலில் கண்ணில் படும் எண்கள் இவை. தவறில்லை. ஆனால் திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறவருக்கு இவை பயணத்தின் நடுப்பகுதியை மட்டுமே சொல்கின்றன. அவருக்குச் சென்னை வடகிழக்கே இருக்கிறது. விமானம் ஏறவோ தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும். சென்னையை விட்டு விலகிப் போய்த்தான் சென்னைக்குப் புறப்பட முடியும். திருச்சி விமான நிலையம் சரியான திசையில் இருந்தாலும், அதை எட்டுவதற்குள் கால்வாசித் தூரம் சாலையிலேயே கழிந்துவிடுகிறது.

கூட்டிப் பார்ப்போம். மதுரை விமான நிலையத்துக்குக் காரில் ஒன்றே முக்கால் மணி நேரம். சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி. பறப்பது ஒன்றேகால். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து எழும்பூர் பக்கம் வந்து சேர இன்னும் ஒரு மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரம். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத் ரயில், திண்டுக்கல்லிலிருந்து எழும்பூருக்கு உள்ள 430 கிலோமீட்டரைச் சுமார் ஐந்து மணி நேரத்தில் கடக்கிறது. அகரத்திலிருந்து நிலையத்துக்கு வரும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பாண்டியன் போன்ற இரவு ரயில்களோ தூங்கும் நேரத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. வேலை நேரம் சிறிதும் வீணாவதில்லை.

டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பார்கள். உண்மைதான். டெல்லிக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள் போய்விடும். அங்கே விமானத்துக்கு ஈடில்லை. வெளிநாடு போகும் நிலக்கோட்டை மல்லிகைக்கும் விமானம்தான் வழி. மதுரை விமான நிலையம் வளர வேண்டியது அவசியம். ஆனால் 500 கிலோமீட்டருக்குள் அடங்கும் பயணத்தை நல்ல ரயிலால் வெல்ல முடியும். ஏறத்தாழ அதே தொலைவுள்ள டோக்கியோ–ஒசாகா வழித்தடத்தில் 1964 முதல் ஜப்பான் அதைக் காட்டிவருகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. காலையில் விமானத்தில் போய், வேலையை முடித்து, இரவே வீடு திரும்பலாம். பகல் ரயிலில் அது முடியுமா? இன்று முடியாது. திருநெல்வேலி வந்தே பாரத் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டித்தான் எழும்பூரை அடைகிறது; மூன்று மணிக்குள் அங்கிருந்து கிளம்பியும்விடுகிறது. ஆனால் சென்னைவாசிக்கு அந்த வசதி இருக்கிறது. காலை 5 மணிக்கு எழும்பூரிலிருந்து நாகர்கோவில் வந்தே பாரத்தில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினால், அதே ரயிலில் மாலையில் திரும்பி இரவு 11 மணி வாக்கில் சென்னையில் இருக்கலாம். குறை ரயிலின் வேகத்தில் இல்லை. யார் வசதிக்காக அட்டவணை போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. மருத்துவமனைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் போக வேண்டியவர்கள் இந்தப் பக்கத்து மக்கள்தானே?

அதிகாலை நாலரை மணிக்கு மதுரையில் புறப்பட்டு, ஐந்தேகாலுக்குத் திண்டுக்கல்லைத் தொட்டு, பத்தரைக்குள் எழும்பூர் சேர்ந்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் ஒரு ரயிலைத் தெற்கு ரயில்வே விட வேண்டும். திண்டுக்கல், மதுரை மக்களவை உறுப்பினர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இது.