போலீஸார் வழி காட்டட்டும்

ஜனவரி மாதம் பிறந்ததும் நமது நகரில் சாலைப் பாதுகாப்பு விழாவும் பிறந்துவிடுகிறது. முன்னர் ஒரு வாரமாக நடந்துவந்த இவ்விழா 2021-ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு மாதமாக நீட்டப்பட்டது. மோட்டார் சங்கத்தார் கார் ஊர்வலம் வகுக்கிறார்கள். உயர்ந்த போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து கொடியசைக்கிறார். கூடியிருப்போர் கை நீட்டி உறுதிமொழி கூறுகிறார்கள். மறுநாள் பத்திரிகைகளில் படம் வெளிவருகிறது. இவையெல்லாம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நல்ல காரியத்திற்குக் கொட்டும் முழவும் ஓரளவு வேண்டியதுதான். ஆனால், ஒரு கேள்வி மட்டும் நம் நெஞ்சில் நின்றுகொண்டே இருக்கிறது. கொடியசைத்துவிட்டுத் தமது வண்டியில் ஏறும் உத்தியோகஸ்தர் இடுப்பு வாரைப் பூட்டிக்கொள்கிறாரா? அவருடைய டிரைவர் பூட்டிக்கொள்கிறாரா? உறுதிமொழி கூறிய சங்க அங்கத்தினர் தம் வீட்டை நோக்கித் திரும்பும்போது பின்னாசனத்திலிருக்கும் தம் மனைவி மக்களைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறாரா? விழாவின் பலன் இந்தக் கேள்விக்குரிய பதிலில் இருக்கிறதேயன்றி, கொடியில் இல்லை.

இது சில்லறை விஷயமன்று. மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். அதே ஆண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் தேசத்திலேயே முதலிடம் பெற்ற மாகாணம் நமது தமிழ்நாடு. 64,105 விபத்துக்கள் இங்கே நடந்தன. 17,884 உயிர்கள் போயின. எத்தனையோ துறைகளில் முதலிடம் தேடி உழைக்கும் தமிழ் மக்களுக்கு இந்த முதலிடம் பெருமை தருமா? இன்னும் நெஞ்சைச் சுடும் கணக்கு ஒன்றுண்டு. அவ்வாண்டில் தேசமெங்கும் தலைக்கவசமின்றி வண்டியிற் சென்று மாண்டவர்கள் 50,029 பேர். இடுப்பு வார் பூட்டாமல் மாண்டவர்கள் 16,715 பேர். யுத்தமில்லை, கொள்ளைநோயில்லை, ஒரு கவசத்தையும் ஒரு வாரையும் அலட்சியம் செய்த நிலையில் அறுபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஓராண்டில் இடிந்துபோயின.

சட்டம் இல்லாமையால் இக்கேடு விளையவில்லை. சட்டம் ஏராளமாக இருக்கிறது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமென்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பாக உத்தரவிட்டது. பின்னால் அமர்ந்து செல்வோரும் அணிய வேண்டுமென்ற விதியை 2022 மே மாதத்தில் சென்னைப் போலீஸார் தீவிரமாக அமுல் நடத்தத் தொடங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் அபராதத் தொகைகள் பன்மடங்கு உயர்ந்தன. நூறு ரூபாயாக இருந்த தலைக்கவச அபராதம் ஆயிரம் ரூபாயாயிற்று. குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கூடாதென்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால் சட்டம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியும், அடையாறில் லாட்டிஸ் பாலம் சாலையிலும் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது பிறப்புரிமை போல் நடந்துவருகிறது.

காரணம் என்ன? ஜனங்கள் சட்டத்தைப் புத்தகத்தில் படித்துக் கற்பதில்லை. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்துக் கற்கிறார்கள். தலைக்கவசத்தை வண்டியின் முன்புறம் மாட்டிக்கொண்டு வெறுந்தலையுடன் லஸ் முனையைக் கடக்கும் ஒரு காவலரைப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் பார்க்கிறானென்று வைத்துக்கொள்வோம். அவன் அன்று கற்கும் பாடம் எது? கவசம் தலைக்காக அன்று, அபராதத்திற்காக என்பதே. அபராதம் விதிக்க ஒருவருமில்லாத இடத்தில் அது வேண்டியதில்லை என்பதே. நூறு சுவரொட்டிகள் போதித்ததை ஒரு வெறுந்தலை அழித்துவிடுகிறது. காக்கி உடை அணிந்தவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்ளவில்லை. அதே முனையில் நாளைக்கு வெயிலில் நின்று அபராதச் சீட்டு எழுதப்போகும் தமது தோழரின் சொல்லிலிருந்து பலத்தைப் பறித்துவிடுகிறார்.

இந்த உண்மையை நமது பார்லிமெண்டு அறியாமலில்லை. 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 210பி என்ற பிரிவு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இச்சட்டத்தை அமுல் நடத்தும் அதிகாரம் படைத்தவரே இச்சட்டத்தின்கீழ் குற்றம் செய்தால், மற்றவர்க்குரிய தண்டத்தைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். குடியானவனுக்கு ஆயிரம் ரூபாயென்றால் காவலருக்கு இரண்டாயிரம். நாம் இதை வரவேற்கிறோம். அதிகாரம் உயர உயரச் சலுகை பெருகும் என்பது நமது தேசத்தில் வேரூன்றிய வழக்கம். அதிகாரம் உயர உயரப் பொறுப்பு பெருகும் என்று இந்தப் பிரிவு சொல்கிறது.

தமிழ் மக்களுக்கு இது புதிய தருமமுமன்று. திருவாரூர் வீதியில் இளவரசனுடைய தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டு மடிந்த கதையைக் கேளாத தமிழர் யார்? இளவரசன் வேண்டுமென்று செய்தானில்லை. கன்று துள்ளி வந்து விழுந்தது. சமாதானம் கூற மந்திரிகள் இருந்தார்கள். ஆயினும் தாய்ப்பசு மணியை அடித்ததும், நீதி தன் வீட்டு வாசலைக் கடந்து செல்லலாகாதென்று மன்னன் துணிந்தான். தன் மகன்மேல் தானே தேரை ஓட்டினான். அந்த மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை நிற்கிறது. சாலையில் நேர்ந்த ஒரு விபத்தையே நீதிக்கு உரைகல்லாக வைத்த ஜாதி நம்முடையது. மகனைக் கொல்லும்படி இன்று நாம் எந்த அதிகாரியையும் கேட்கவில்லை. இரண்டாயிரம் ரூபாயைக் கட்டி ரசீது பெறும்படிதான் கேட்கிறோம்.

எனினும், 210பி பிரிவு சட்டப் புத்தகத்தில் உறங்குவதைக் காட்டிலும் அதிகமாக வேறு என்ன செய்துவருகிறது என்பது பொது ஜனங்களுக்குத் தெரியாது. போலீஸாரும் தலைக்கவசம் அணிய வேண்டும், வார் பூட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கைகள் வராமலில்லை. சுற்றறிக்கை மீண்டும் மீண்டும் வருவதே முன்னது பலிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆகவே நாம் ஒரு யோசனை கூறுகிறோம். பொது மக்களிடம் வசூலித்த அபராதக் கணக்கைப் போலீஸ் இலாகா பெருமையுடன் வெளியிடுகிறது. அதே அறிக்கையில், தன் இலாகாவைச் சேர்ந்தவர்களிடம் இருமடங்காக வசூலித்தது எத்தனை பேரிடம் என்பதையும் மாதந்தோறும் வெளியிடட்டும். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும். அந்த எண்ணிக்கை ஏறினால் இலாகாவுக்கு அவமானமில்லை, கௌரவமே. ஏறிப் பிறகு இறங்கினால் அதைவிடப் பெரிய கௌரவம்.

இது நடவாத காரியமன்று. நம்மை ஒரு காலத்தில் ஆண்ட பிரிட்டனில் 2023 ஜனவரியில் பிரதம மந்திரி ரிஷி சுனக், ஓடும் காரில் வார் பூட்டாமல் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டதற்காக லங்காஷயர் போலீஸாரால் அபராதம் விதிக்கப்பட்டார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அபராதத்தையும் ஏற்றார். அதனால் அந்தத் தேசத்து மந்திரி பதவி சிறுமையடைந்துவிடவில்லை, சட்டம் உயர்ந்தது. நமது தேசத்திலும் 1982-ஆம் ஆண்டில் டில்லியில், நிறுத்தலாகாத இடத்தில் நின்ற பிரதம மந்திரி உபயோகத்துக்குரிய காரை ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் இழுத்துச் சென்ற சம்பவத்தை இன்றளவும் ஜனங்கள் வாயாரச் சொல்லிக் களிக்கிறார்கள். இவ்வளவு காலமாக ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, இரண்டாவது கதை ஏன் கிடைக்கவில்லை?

இவ்விடத்தில் போலீஸாருக்கு நியாயம் செய்வதும் நமது கடமை. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் புழுதியையும் புகையையும் உண்டு நிற்கும் காவலரின் கஷ்டத்தை நாம் அறிவோம். விதியைத் தவறாமல் கைக்கொள்ளும் உத்தியோகஸ்தர்களும் காவலர்களும் பலருண்டு. சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் 2024 ஆகஸ்டு 26-ஆம் தேதியை விபத்தில்லா நாளாக்க வேண்டுமென்று சில வாரங்கள் பிரசாரம் செய்தது பாராட்டத்தக்க முயற்சி. அவ்வாண்டு மே மாதத்தில், சொந்த வண்டிகளில் ‘போலீஸ்’, ‘பத்திரிகை’, ‘வக்கீல்’ என்றெல்லாம் ஒட்டிக்கொண்டு திரிவதைத் தடுக்க முன்வந்ததும் சரியான காரியமே. அந்த ஒட்டுத்தாளுக்கு ஒரே பொருள்தான் உண்டு: “என்னை நிறுத்தாதே” என்பதே அது. இதில் நம்மையும் நாம் விலக்கிக்கொள்ளவில்லை. பத்திரிகைக்காரர் என்ற பெயரைச் சாலையில் சலுகைச் சீட்டாகக் காட்டுவோர் எங்கள் தொழிலுக்கும் இழுக்குத் தேடுகிறவர்களே.

இனி மோட்டார் சங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் ஆட்டோமொபைல் அஸோஸியேஷன் 1905-இல் பிறந்தபோது அதன் முதல் வேலை, வேகத்தைப் பிடிக்கப் போலீஸார் மறைந்திருக்கும் இடத்தை அங்கத்தினர்க்கு முன்கூட்டி உணர்த்துவதாக இருந்தது. அது குற்றமென்று 1910-இல் நீதிமன்றம் கூறவே, சங்கத்தின் சேவகர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். வழக்கமாக அங்கத்தினர்க்கு அடிக்கும் சலாமை நிறுத்திவிட்டால், முன்னே போலீஸ் இருக்கிறதென்று பொருள். ஆனால், அதே சங்கம்தான் 1906 முதல் அபாய எச்சரிக்கைப் பலகைகளை ஊரெங்கும் நட்டுப் பல உயிர்களைக் காத்தது. ஒரே ஸ்தாபனத்துக்குள் இரண்டு புத்திகள் இருந்தன: சட்டத்தை ஏமாற்றும் புத்தி ஒன்று, சாலையைக் காக்கும் புத்தி ஒன்று. எதிரே வரும் வண்டிக்கு விளக்கை மினுக்கி ‘போலீஸ் நிற்கிறது’ என்று ஜாடை காட்டும் நம்மவர் பழைய சலாம் வித்தையைத்தான் நடத்துகிறார்கள். நமது சங்கங்கள் எந்தப் புத்தியைத் தேர்ந்துகொள்ளப் போகின்றன?

சென்னை மோட்டார் விளையாட்டில் பேர்பெற்ற நகரம். நூறாண்டு கடந்த தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இங்கே இருக்கிறது. சுதந்திரத்திற்குப் பிறகு தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2024 ஆகஸ்டு இறுதியில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. பந்தயக்காரர்களுள் ஒருவராவது கவசமில்லாமல், வாரில்லாமல் ஓட்டினாரா? ஓட்ட விட்டிருப்பார்களா? எல்லாரையும்விட வேகமாக ஓட்டத் தெரிந்தவன், எல்லாரையும்விட இறுக்கமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறான். கெட்டிக்காரனுக்குக் கவசம் வேண்டாம் என்ற எண்ணம் கெட்டிக்காரனல்லாதவனின் எண்ணம். பந்தயத்திடலில் உள்ள இந்த ஒழுக்கத்தை வீட்டுக்குத் திரும்பும் சாலைக்குக் கொண்டுவருவதே சங்கங்களின் வேலை. குடித்து ஓட்டியோ, வேக வரம்பை மீறியோ தண்டனை பெற்ற அங்கத்தினரை நீக்கும் விதியொன்றை அவை செய்துகொள்ளட்டும். பின்னாசனத்திலும் வார் பூட்டும் பழக்கத்தை அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து தொடங்கட்டும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாய்க்கு வரும் சாலையில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்டபோது அவர் பின்னாசனத்தில் வார் பூட்டாமல் இருந்தார் என்று போலீஸார் தெரிவித்தனர். விலையுயர்ந்த காரும் விதியைத் தடுக்கவில்லை.

முடிவாக ஒன்று. 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்த தொண்டர்களும் சட்டத்தை மீறியவர்களே. ஆனால் அவர்கள் பகிரங்கமாக மீறினார்கள். தண்டனையைத் தாமே கேட்டு ஏற்றார்கள். அது அந்நியன் செய்த சட்டம். இன்றுள்ள சாலை விதி நமது பிரதிநிதிகள் நமது பிராணனைக் காக்கச் செய்த சட்டம். இதை மறைவாக மீறி, பெயரைச் சொல்லியும் உடையைக் காட்டியும் தப்புவது வீரமன்று. சுயராஜ்யத்திற்குச் செய்யும் சிறு துரோகம். கடற்கரைச் சாலையில் வீற்றிருக்கும் போலீஸ் தலைமை அலுவலகத்திலிருந்து இத்திருத்தம் தொடங்கட்டும். அதன் வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும், மந்திரியினுடையதாயினும் காவலருடையதாயினும், விதிப்படி வருகிறதா என்று முதலில் அங்கே பார்க்கட்டும். அப்பால் லஸ் முனையில் நிற்கும் காவலர் கையுயர்த்தும்போது, ஜனங்கள் அபராதத்திற்கு அஞ்சி அல்ல, அவரை மதித்து நிற்பார்கள்.