வயதல்ல, புகையே குற்றம்

இலங்கையில் மோட்டார் வாகனங்களின் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. அதில் தேறிய சான்றிதழ் இன்றி, ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. அனுமதிப்பத்திரம் இல்லாத வண்டி வீதியில் இறங்கவும் முடியாது. பழைய கார்களை வைத்திருப்போர் இவ்விதியைத் தம் வண்டிகளின் மரண சாசனமாகவே கருதுகின்றனர். திருகோணமலையிலும் இந்த மனக்குறை உண்டு. இதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று ஆராய்வது நமது கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். விதியின் நோக்கம் சரியானது. வண்டி ஒருவருடைய சொத்து; காற்று எல்லோருடைய சொத்து. காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்வதைத் தடுப்பது. மோட்டார்ப் புகையிலுள்ள ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலிற் கூடி நகரத்தையே மூடும் நச்சுப் பனியாகின்றன என்பதை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் காற்றை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயன அறிஞர் 1950களின் ஆரம்பத்திலேயே எடுத்துக்காட்டினார். கண்டி வீதியிற் பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளை, நமது பழைய கார்ப் பாசத்துக்காகப் புகையைக் குடிக்க வேண்டும் என்று யார்தான் வாதிட முடியும்?

ஆனால், பழைய வண்டி பிறப்பிலேயே குற்றவாளி என்பதும் தவறு. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதிற் புகை தடுக்கும் விசேஷக் கருவி எதுவும் இல்லை. அதன் புகையை நிர்ணயிப்பவை காபரேற்றரும் நெருப்புப் பொறியுமே. சோக் கம்பி இறுகி முழுவதும் மீளாது நின்றால், அல்லது காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தால், பெற்றோல் அளவுக்கு மிஞ்சிக் கலக்கும், காபனோரொட்சைட்டு ஏறும். பொயின்ற் தேய்ந்து, பிளக் கரிபிடித்திருந்தால், பெற்றோல் எரியாமலே வெளியேறும், ஐதரோகாபன் ஏறும். இவற்றைச் சீர்செய்யப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பொறுமையும் தொழிலறிவும் வேண்டும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து நீலப் புகை கக்கும் வண்டிக்குத்தான் பெருஞ்செலவு காத்திருக்கிறது.

அதற்கடுத்த தலைமுறை ஜப்பானிய கார்களின் கதை வேறு. 1970களின் பிற்பகுதியில் ஜப்பான் கடுமையான புகைச் சட்டங்களைக் கொண்டுவந்தபின், அந்நாட்டு வீதிகளுக்காகச் செய்யப்பட்ட கார்களில், வெளிப்புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் வால்வு, பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக் குடுவை, வினையூக்கிக் கொன்வேற்றர் ஆகியன பொருத்தப்பட்டன. அங்கு ஓடிய கார்கள் பின்னர் இங்கு வந்திறங்கியபோது நடந்தது என்ன? ஈயம் கலந்த பெற்றோல் கொன்வேற்றரைப் பாழாக்கிவிடும். இலங்கையிலோ 2002ஆம் ஆண்டு வரை ஈயப் பெற்றோல் விற்கப்பட்டது. அதை விற்பதென்று தீர்மானித்தவர்கள், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கண்முன் கொண்டு வாழும் மக்கள் அல்லர். அரசின் பெற்றோல் கெடுத்த கருவிக்கு, வண்டிக்காரன் மட்டும் தண்டம் செலுத்துவது எவ்வகை நீதி?

எனினும், நம்மவர் பக்கத்திலும் குற்றம் உண்டு. உக்கிப்போன இறப்பர்க் குழாய்களை மாற்றாமல், அவற்றின் வாயில் ஆணியை அடித்து அடைப்பதும், வால்வைத் தேவையற்றதெனக் கழற்றி எறிவதும் கராஜ்களிற் காணாத காட்சிகள் அல்ல. பரிசோதனை நாளுக்கு மட்டும் பெற்றோலைக் குறைத்துச் சான்றிதழ் பெற்று, வீடு திரும்பியதும் பழையபடி திருகிவிடும் தந்திரம் இன்னும் மோசமானது. அளவுகருவியை ஏமாற்றலாம், பிள்ளைகளின் நுரையீரலை ஏமாற்ற முடியுமா? அடைத்த குழாயைத் திறந்து, உக்கியதை மாற்றி, எஞ்சினை நன்கு சூடேற்றிய பின் கொண்டு செல்வதே நேர்மையான வழி. கொன்வேற்றரும் சூடேறிய பின்பே வேலை செய்யும்.

டில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெற்றோல் வண்டிகளும் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் கட்டளையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அங்கு வண்டியின் வயது பார்க்கப்பட்டது. இங்கு அளக்கப்படுவது அதன் புகை. நமது முறையே நீதியானது. வயதை நினைத்த அளவிற் குறைக்க முடியாது, புகையைக் குறைக்கலாம். அதிலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை, பழைய வண்டியைப் பேணுவதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு கதி இருக்கவில்லை. அது ஆடம்பரமன்று, பிழைப்பு.

ஆகவே நாம் கோருவன மூன்று. தேறாத வண்டிக்குக் கொடுக்கும் அறிக்கை, எந்த வாயு எதனால் மிஞ்சியது, எங்கே பார்க்கவேண்டும் என்பதைத் தெளிந்த தமிழிற் கூறவேண்டும். 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. அந்த உரிமை கராஜ் வாசல் வரை வரட்டும். இரண்டாவது, பரிசோதனையால் வரும் வருவாயில் ஒரு பங்கைக் கொண்டு, திருகோணமலை, கிண்ணியா, மூதூர் இளைஞர்களுக்குப் புகை அளவுகருவியிற் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். மூன்றாவது, கரும்புகை கக்கும் வண்டி அரசாங்கத்துடையதாயினும், படையினருடையதாயினும், அதே தராசில் நிறுக்கப்பட வேண்டும்.

வண்டிக்காரர் தம் கடமையைச் செய்யட்டும். அரசும் தன் கடமையைச் செய்யட்டும். ஏழையின் மொறிஸ் மைனரை மறித்து நிறுத்தும் கை, அதன் பின்னால் வரும் அரச லொறியைக் கண்டு சலாம் போடுமானால், அந்தச் சான்றிதழ் வெறுங் கடதாசியே!